டொமினோக் கட்டையும் ஒரு யுத்தமும்

ஆங்கிலத்திலே 'டொமினோ இஃபெக்ட்' என்றொரு தொடர் உண்டு. ஒன்றின் விளைவு நெடுந்தூரம் போவதைச் சொல்ல நம் எழுத்தாளர்களும் இதைத் தாராளமாகக் கையாளுகிறார்கள். பாணின் விலை ஏறினாலும் டொமினோதான், மந்திரி பதவி விலகினாலும் டொமினோதான்!

நேயர்களே, குளத்தில் எறிந்த கல்லின் அலை எல்லாத் திசையிலும் பரவும்; போகப்போக மெலியும். சீட்டுக்கட்டு வீடு ஒரேயடியாகச் சரியும். டொமினோ இவ்விரண்டும் அன்று. வரிசையில் நிற்கும் முதற்கட்டை இரண்டாவதைத் தள்ள வேண்டும், இரண்டாவது மூன்றாவதை. இன்னது இன்னதைத் தள்ளியது என்று காட்ட முடியாதவிடத்து இத்தொடருக்கு வேலையில்லை.

அரசியலுக்கு இவ்வுவமையைக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர். வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகைக்குள் சிக்கியிருந்த வேளை அது. 1954 ஏப்ரல் 7ஆந் திகதி பத்திரிகையாளர் மாநாட்டிலே, இந்தோசீனா ஏன் முக்கியம் என்று ஒருவர் கேட்டார். நிறுத்திவைத்த டொமினோ வரிசையை ஜனாதிபதி உவமை காட்டினார். முதலாவதைத் தட்டினால் கடைசியானதும் விரைவில் விழும். இந்தோசீனா போனால் பர்மா, தாய்லாந்து, இந்தோனேசியா என்று யாவும் போய்விடும் என்பது அவர் வாதம். சரியாக ஒரு மாதத்தில் தியன் பியன் பூ வீழ்ந்தது.

உவமை கேட்பதற்கு எளிது, மறக்கவும் முடியாது. ஆனால் கட்டைகள் யாவும் ஓரச்சில் வார்த்தவை, நாடுகள் அப்படியா? அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர்களே 1964 ஜூனில் இதை ஐயுற்றார்கள். தென்வியட்நாமும் லாவோசும் வீழ்ந்தாலும், கம்போடியா நீங்கலாக வேறொரு நாடு விரைந்து வீழ்வது சாத்தியமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உவமையின் கவர்ச்சி அறிக்கைக்கு ஏது? 1965 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை தா நாங்கிலே கரையிறங்கிற்று. அந்த யுத்தத்தில் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். மாண்ட வியட்நாமியர் பல இலட்சம்.

1975 ஏப்ரல் 17இல் புனோம் பென், 30இல் சைகோன், ஆண்டு முடிவதற்குள் லாவோஸ். அத்தோடு வரிசை நின்றுவிட்டது. தாய்லாந்து விழவில்லை, மலேசியாவும் இந்தோனேசியாவும் விழவில்லை. விழுந்த கட்டைகளோ தம்முள்ளே மோதிக்கொண்டன. 1978 டிசம்பரில் வியட்நாமியப் படை கம்போடியாவுக்குள் புகுந்தது. 1979 பெப்ரவரியில் சீனப் படை வியட்நாமுக்குள் புகுந்தது.