பெர்முடாவில் நடந்த இன்னொரு கதை

பெர்முடா என்றதும் எங்களில் பலருக்குக் கப்பல்கள் காணாமல் போன கதைகள்தான் ஞாபகம் வரும். ஆனால் எதையும் மறைத்து வைக்கக் கூடாது என்று விஞ்ஞானிகள் முடிவெடுத்ததும் அங்கேதான்.

1996 பெப்ரவரி. மனித டி.என்.ஏ.யை முழுமையாக வாசிக்கும் திட்டத்தில் இருந்தவர்கள் அந்தத் தீவில் கூடினார்கள். ஜோன் சல்ஸ்டன், ரொபர்ட் வோட்டர்ஸ்டன் இருவரும் முன்னின்று ஓர் இணக்கத்தை உருவாக்கினார்கள். ஆயிரம் எழுத்துக்களைத் தாண்டிய ஒவ்வொரு டி.என்.ஏ. தொடரும் 24 மணித்தியாலத்துக்குள் பொதுத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். பயன்படுத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

1998இல் கிரேக் வென்டரின் செலேரா கம்பனி போட்டிக்கு இறங்கியது. அவர்களது தரவுகளுக்குக் கட்டணமும் நிபந்தனையும் இருந்தன. பொதுத் திட்டத்தினர் விட்டுக்கொடுக்கவில்லை. 2000 ஜூலை 7இல் முதல் வரைவை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

அதே வென்டர் பின்னர் பெர்முடாவை அண்டிய சர்காசோ கடலில் நீர் அள்ளி, அதிலிருந்த நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யை ஒட்டுமொத்தமாக வாசித்தார். அதுவரை அறியப்படாத 12 இலட்சம் மரபணுக்கள் கிடைத்தன. 2004இல் அவரும் அவற்றைப் பொதுத் தரவுத்தளத்திலேயே சேர்த்தார்.

இன்று எங்கள் ஊர்ப் பிள்ளையும் கையிலுள்ள போனில் அவற்றைத் திறந்து பார்க்கலாம். ஆனால் ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு டியூட்டைக்கூட அடுத்த வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். பயன் தரும் கல்வி மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்று சிறுவயதிலேயே ஓதியவர்கள் நாங்கள்தானே?