தொட்டிலும் பாடத்திட்டமும்: பாலர் பராமரிப்பு வரலாற்றில் தமிழின் இடம்

வேலைக்குச் செல்லும் தாய் தன் பிள்ளையைப் பகலில் ஒப்படைத்துச் செல்லும் இடத்திற்கு நம் வட்டாரத்தில் வழங்கிவந்த பெயர்களை வரிசைப்படுத்தினாலே ஒரு நூற்றாண்டின் கொள்கை வரலாறு புலப்படும். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அது ஆயாக் கொட்டகை. சிங்கப்பூரில் முதலில் கிரெஷ். பின்னர்க் குழந்தைப் பராமரிப்பு நிலையம். இன்று பாலர் பள்ளி என்னும் பொதுப்பெயருக்குள் அதுவும் அடங்கிவிட்டது. ஆயா, போர்த்துகீசிய மொழி தந்த சொல். கிரெஷ், கால்நடைகளின் தீவனத் தொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். குழந்தை இயேசு கிடத்தப்பட்ட தொட்டியை நினைவூட்டும் அப்பெயரை, 1844இல் பாரிசில் உழைக்கும் ஏழைத் தாய்மாருக்காகக் காப்பகம் தொடங்கிய ஃபிர்மேன் மார்போ தம் நிலையத்திற்குச் சூட்டினார். பாலர் வடசொல். மூன்றும் வெளியிலிருந்து வந்தவையே. ஆயினும், அவ்விடங்களில் பிள்ளையின் காதில் எம்மொழி விழுந்தது என்பதே இவ்வுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

ஆயாக் கொட்டகையில் விழுந்தது தமிழ். விடியுமுன் பிரட்டுக்குப் பெயர் கொடுக்க விரைந்த தாய், தூக்கம் கலையாத பிள்ளையைக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். வரிசையாகத் தொங்கிய ஏணைகளை ஆட்டியவர், மரம் வெட்ட உடல் இடங்கொடாத மூதாட்டி ஒருவர். பயிற்சி இல்லை, பாடத்திட்டம் இல்லை. தாலாட்டும் வசவும் உறவுமுறைப் பெயர்களும் தாராளமாக இருந்தன. அக்கொட்டகைகளைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று; வறுமையும் நோயும் அங்கும் இருந்தன. மொழியளவில் அங்கு நிகழ்ந்ததை மட்டுமே குறிப்பிடுகிறோம்.

சிங்கப்பூரில் போருக்குப் பின், 1946இல் சமூக நலத்துறை அமைந்தது. குறைந்த வருமானத் தாய்மாருக்காக அரசாங்கக் கிரெஷ்கள் அதன் பொறுப்பில் உருவாயின. தொழில்மயமாக்கம் பெண்களை ஆலைகளுக்கு அழைத்தபோது அவற்றின் தேவை பெருகியது. 1977இல் பத்துக் கிரெஷ்களைத் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. பிள்ளை வளர்ப்பைத் தொழிற்சங்கம் ஏற்றதில் வியப்பில்லை. அன்றைய கொள்கையின் அளவுகோல் தாயின் வேலை நேரமே. 1988இல் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. பாலர் பள்ளிகளோ வேறு வழியில் வளர்ந்தன. அரசியல் கட்சிக் கிளைகளும் சமய அமைப்புகளும் அவற்றை நடத்தின. அவை கல்விச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயின. ஆக, ஒரே வயதுப் பிள்ளை ஓரிடத்தில் சமூகநலப் பயனாளி, மற்றோரிடத்தில் மாணவன்.

மலேசியாவிலும் இப்பிளவு உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயதுக்கு உட்பட்டோரின் பராமரிப்பை நெறிப்படுத்தியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நான்கு முதல் ஆறு வயதினரைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொணர்ந்தது. சிங்கப்பூரில் 2013இல் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தோன்றிய பின்னரே இரு பிரிவுகளுக்கும் ஒரே மேற்பார்வை கிட்டியது. 2017இல் அதற்குரிய பொதுச் சட்டமும் நிறைவேறியது.

இவ்வரலாற்றில் தமிழ் எங்கே நுழைகிறது? தொடக்கப்பள்ளியில் இரண்டாம் மொழி 1960இலும், உயர்நிலைப்பள்ளியில் 1966இலும் கட்டாயமாயிற்று. பாலர் பருவம் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றது. இருமொழிக் கற்றலைப் பாலர் பருவத்திலேயே ஊக்குவிக்கும் லீ குவான் யூ இருமொழி நிதி 2011இல் தொடங்கியது. கல்வி அமைச்சு 2014இல் தொடங்கிய பாலர் பள்ளிகளில் ஐந்து, ஆறு வயதினர்க்குத் தமிழும் கற்பிக்கப்பட்டது. இதற்கு முன்பே, 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியர் இல்லங்களில் ஆங்கிலம் 41.6 விழுக்காடாகவும் தமிழ் 36.7 விழுக்காடாகவும் இருந்தன. வீட்டில் குறைந்ததை ஈடுசெய்யும் பொறுப்பு நிலையத்தின்மேல் விழுந்தது.

இங்கே ஆராய்ச்சி சொல்வதைச் சற்று நின்று கேட்க வேண்டும். 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவரும் ஆங்கிலச் சூழலில் வளரும் மழலையர்க்கு இந்தி ஒலிகளைக் கேட்கச் செய்தனர். பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிரித்துணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தினருள் மிகச் சிலரே உணர்ந்தனர். நமக்கு இது தொலைவான செய்தியன்று. ‘பத்து’ என்பதையும் ‘பட்டு’ என்பதையும் பிரிப்பது இவ்வேறுபாடே. அக்காது பின்னர் அடியோடு மூடிவிடுவதாகக் கொள்ளலாகாது; பிற்பாடு கற்பது கடினமாகிறது, அவ்வளவே. 2003இல் பட்ரீசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் கேட்கச் செய்தபோது, நேரில் அமர்ந்து பேசியவரிடம் குழந்தைகள் ஒலிவேறுபாட்டைக் கற்றன. அதே பேச்சை ஒளிப்பதிவில் கண்டவை கற்கவில்லை.

சிங்கப்பூர் நிலையங்கள் இரண்டு மாதப் பிள்ளையையே ஏற்றுக்கொள்கின்றன. தமிழ் வகுப்போ பெரும்பாலும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே தொடங்குகிறது. இடைப்பட்ட காலத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உயர்நிலைப் பள்ளியில் உச்சரிப்புப் போட்டி நடத்தி ஆறுதல் கொள்கிறோம்.

எந்தத் தமிழ் என்பது அடுத்த சிக்கல். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பள்ளிகளில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. பாலர் வகுப்பில் அது இன்னும் தயங்கித் தயங்கியே நுழைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்ற ஒரு நிலையத்தில், ஆசிரியை படத்தைக் காட்டி, “பூனை பால் அருந்துகிறது” என்றார். மூன்று பிள்ளைகளும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பால் குவளைகளை எடுக்க வந்த சமையல் உதவியாளர் குனிந்து, “பூன பால் குடிக்குது பாரு, ஒனக்கு வேணாமா?” என்றார். ஒரு சிறுமி உடனே, “அது என்னோட பாலு!” என்றாள். அந்த அம்மையாரின் பெயர் தாய்மொழி ஆசிரியர் பட்டியலில் இல்லை. இருக்கவும் இயலாது, அவரிடம் அதற்குரிய சான்றிதழ் இல்லை.

ஆசிரியை செய்ததும் பிழையன்று. அவருக்கு அளிக்கப்பட்ட பயிற்சி அத்தகையது. ஆய்வுத் தலைப்புத் தேடி நம்மிடம் வரும் மாணவர்களுக்கு நாம் கூறுவது இது: உரிய இசைவு பெற்று மழலையர் அறை ஒன்றில் ஒருநாள் முழுதும் அமருங்கள். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட தமிழ்க் குழந்தையிடம் யார், எப்பொழுது, எந்த மொழியில், எத்தனை முறை பேசுகிறார் என்று குறித்து வாருங்கள். உணவூட்டும் நேரத்தையும் துணி மாற்றும் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள்.