சக்கிமுக்கிப் பூட்டு

துப்பாக்கியில் கல்லைக் கவ்வி நிற்கும் உறுப்பை ஆங்கிலேயர் சேவல் என்றனர். பிரெஞ்சுக்காரர் நாய் என்றனர். தமிழர் குதிரை என்றனர். பெயர் வேறாயினும் பணி ஒன்றே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருப்பெற்று, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. விசையை இழுத்ததும் குதிரை பாயும். அதன் வாயிலுள்ள கல் எஃகு மூடியை உராய்ந்து திறக்கும். தெறிக்கும் பொறி கிண்ணத்து மருந்தில் விழும். அத்தீ சிறுதுளை வழியே குழலுக்குள் புகும்.

இவ்வளவையும் இயக்குவது, ஒரு சாணுக்கும் குறைவான தகட்டில் அமைந்த பூட்டாகும். வெடிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரித்துவிடும். ஆதலின் பூட்டை அவ்வப்போது கழற்றித் துடைத்து எண்ணெயிடுதல் இன்றியமையாதது. முதலில் பெருவில்லை இடுக்கியால் அமுக்கி எடுத்தல் வேண்டும். அதன் விசை அடங்குமுன் பிறவற்றைத் தொட்டால் உறுப்பும் முறியும், விரலும் நசுங்கும். பின்னர்ச் சிறுவில், தடைநெம்பு, கடிவாளம், சுழலி ஆகியவை கழலும். மீண்டும் பூட்டுங்கால் முறை தலைகீழாகும். பெருவில் இறுதியில் ஏறும்.

சுழலியில் இரண்டு வெட்டுகள் உண்டு. முதல் வெட்டில் நெம்பு பதிந்தால் குதிரை பாதி நிமிர்ந்து அசையாது நிற்கும். அது காப்பு நிலை. இரண்டாவது வெட்டில் பதிந்தால் சுடுவதற்கு ஆயத்தம். முதல் வெட்டின் விளிம்பு தேய்ந்துபோனால், மருந்திடும் வீரனின் கையிலேயே துப்பாக்கி வெடிக்கக்கூடும். மயிரிழைத் தேய்மானத்தில் ஓர் உயிர் தொங்கியது.

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. உறுப்புகளைக் கொல்லர்கள் அரத்தால் அராவி, ஒன்றுக்கு ஒன்று இணங்கச் செய்தனர். ஆகவே ஒரு பூட்டின் சுழலி மற்றொரு பூட்டில் பொருந்தாது. களத்தில் ஓர் உறுப்பு முறிந்தால், கைதேர்ந்த கொல்லன் கிட்டும்வரை அத்துப்பாக்கி வெறுங்கோலே.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் ஓனொரே பிளாங் என்னும் பிரெஞ்சுக்காரர். 1785இல் பாரிசில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குச் சென்றார். ஐம்பது பூட்டுகளின் உறுப்புகள் வகைவகையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. தூதர் கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துத் தாமே சில பூட்டுகளைப் பூட்டினார். யாவும் செவ்வனே பொருந்தின. அவ்வாண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் ஜான் ஜேக்கு எழுதிய மடலில் இதனை அவர் வியந்து தெரிவித்தார். இம்முறையால் துப்பாக்கியின் விலையும் இரண்டு லிவர் குறையும் என்று பிளாங் கருதியதையும் குறித்தார்.

கனவு உடனே நனவாகிவிடவில்லை. 1798இல் எலி விட்னி அமெரிக்க அரசுக்குப் பதினாயிரம் துப்பாக்கிகள் செய்து தர ஒப்பந்தம் ஏற்றார். 1809இல்தான் அப்பணி நிறைவுற்றது. பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய பூட்டுகளைக் கழற்றிப் பார்த்தபோது, உறுப்புகளில் தனித்தனிக் குறிகள் இருக்கக் கண்டனர். இன்ன உறுப்பு இன்ன பூட்டுக்கே உரியது என்பது அக்குறிகளின் பொருள். மாற்றிப் பொருத்தலாம் என்று புகழப்பட்ட பூட்டுகளும் கொல்லனின் அரத்தையே நம்பியிருந்தன.

இன்று தையற்பொறிக்கும் மிதிவண்டிக்கும் உதிரி உறுப்பைக் கடையில் கேட்டு வாங்குகிறோம். அது பொருந்துமோ என்று நாம் ஐயுறுவதில்லை. அந்த நம்பிக்கையின் தொடக்கங்களுள் ஒன்று, பிளாங்கின் பட்டறையில் பிரித்து வைத்த அந்த ஐம்பது பூட்டுகளே. வீரனுக்கு அது பெரும்பேறு. தன் கையன்றி வேறெவர் கையும் உதவாது என்றிருந்த கொல்லனுக்கோ, அதுவே முடிவின் தொடக்கம்.