சிறைச்சாலையில் மதியிறுக்கமுடையோர்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தையுடைய வயதுவந்தோர் சிறைப்படுங்கால், இரவெல்லாம் எரியும் விளக்கும், இரும்புக் கதவின் ஓசையும், முன்னறிவிப்பின்றி நிகழும் சோதனையும் பிறரினும் பன்மடங்கு அவர்களை வருத்துகின்றன; காவலரின் முகம்நோக்கி விடையளிக்காமை திமிரென்றும், தாங்கவொண்ணாக் கலக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறுதல் கட்டுப்பாட்டு மீறலென்றும் கொள்ளப்பட்டு, நோவுக்கே தண்டனை விதிக்கப்படும் அநியாயம் நேர்கிறது.

பிறர்போற் பேசாதவரையும் புரிந்துகொள்ள இயலுமென்பதற்கு நம் சரித்திரத்திலேயே சான்றுண்டு. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று 1801 பிப்ரவரியில் தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பிய சரித்திரம் பிரசித்தம். அவரை மதியிறுக்கமுடையவரெனக் கருத ஆதாரமில்லை. ஆயினும், அவருடைய சிறு சைகைகளையே ஆணையாக ஏற்று ஜனங்கள் நடந்ததை, எதிர்ப்படையிலிருந்த வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரியே வியந்து எழுதியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மதியிறுக்கத்தை வெளிப்படையாக அங்கீகரிக்கிறது. தசைச்சிதைவு நோயோடு மதியிறுக்கமும் உடைய வழக்கறிஞர் ஒருவர், கோவை மத்தியச் சிறையில் தாம் பட்ட இன்னலைக் குறித்துத் தொடுத்த வழக்கில், 2025 ஜூலை 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தமிழகச் சிறைகளுக்கு முக்கியமானது. கைதி உள்ளே வரும்போதே அவருடைய குறைபாட்டைக் கண்டறிதல் வேண்டும்; விதிகளை அவருக்கு விளங்கும் வடிவில் தருதல் வேண்டும் என்பன அதன் கட்டளைகளுட் சில. இவற்றுள் முதலாவதே இன்றியமையாதது. ஏனெனில், மதியிறுக்கம் உடலில் புலப்படாதாகலின், வினவாத அதிகாரிக்கு அது தெரிவதேயில்லை.