எழுத்தை வரைந்தவனின் கூலி

மன்னார்த் தீவின் கீரிக் கரையில் மாலை வேளையில் நடப்பவர் ஒரு காட்சியைக் காணத் தவறமாட்டார். மணலில் ஏற்றி வைக்கப்பட்ட படகுகளின் முன்புறத்தில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். புனிதர்களின் பெயர்கள், பெற்ற தாயின் பெயர், பிள்ளைகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு நிறம், ஒரு வளைவு. படகின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லும். அதில் தொழிலுக்குப் போகிறவர் யார் என்பதையும் சொல்லும். அந்த எழுத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

இந்த மௌனம் கீரிக்கு மட்டும் உரியதன்று. எழுத்தை வாசிக்கிறோம்; வரைந்த கையைப் பார்ப்பதில்லை. அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்தது, அது சோர்ந்துபோகாமல் எவ்வாறு இயங்கியது என்ற வினாவை நாம் எழுப்புவதற்கு ஒரு காரணம் உண்டு.

எம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற இளைஞன் ஒருவன் இன்று இப்பகுதியில் வரைகலைத் தொழில் செய்கிறான். கடற்றொழிற் குடும்பத்திற் பிறந்தவன். கடன்பட்டு வாங்கிய கணினி ஒன்றே அவனுடைய பட்டறை. திருவிழா அறிவித்தல், திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கடைப் பெயர்ப்பலகை, கொழும்பிலும் கனடாவிலும் இருப்போர் கேட்கும் வணிகச் சின்னம் ஆகிய யாவும் அவன் கையில் உருவாகின்றன. மாதச் சம்பளம் தருவோர் எவருமில்லை. ஒரு நிறுவனத்துக்காக ஒரு சின்னத்தை ஒன்பது தடவை மாற்றி வரைந்தான். பத்தாந் தடவை அவர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. சில மாதங்களின் பின் அதே சின்னம் பலகையிலே தொங்குவதை அவனே கண்டான். ஆயினும் அவன் எம்மிடம் வந்து முறையிட்டது பணத்தைப் பற்றியன்று.

“சேர், கை ஓடுது, மனம் ஓடுதில்லை. போன வருசம் கீறினதைத்தான் இந்த வருசமும் கீறுறன்.”

அதிகாலையில் எழு, நடைப்பயிற்சி செய், புதியன காண் என்று இதற்கு மருந்து சொல்லும் நூல்கள் பல உள. அவை பொய்யல்ல. ஆனால் படைப்பாற்றல் வற்றுவதைத் தனிமனிதனின் சோம்பலாக மட்டும் காண்பது முறையா? தமிழாசிரியராகிய நாம் செய்யக்கூடியது வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதே.

*

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். அதனை ஆக்கிய என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் மன்னாருக்கு அந்நியரல்லர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்து, புன்னைக்காயற் பரதவரை இங்கு குடியேற்றிய காலத்தில் அவரும் இத்தீவிலே தங்கிப் பணிபுரிந்தார். அச்சு வேலைக்குப் பொருள் கொடுத்தவர்களும் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே. 400 குருசாடோ நாணயம் அவர்கள் திரட்டிக் கொடுத்தது. கடலடியில் மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்பே தமிழின் முதல் உலோக எழுத்தாக மாறிற்று என்பதை இக்கடலோரத்தில் வாழும் நாம் மறந்துவிடலாகாது.

அந்நூலின் இறுதிப் பக்கம் உற்றுநோக்கத் தக்கது. 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துக்களும், 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துக்களும் அங்கே தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளன. முன்னையதைச் செய்தவர் யோவான் கொன்சால்வெஸ் என்ற கொல்லர். பின்னையதைச் செய்தவர் யோவான் த பாரியா. முதல் முயற்சியோடு அமைதி கொள்ளாமல், ஓராண்டுக்குள் மறுபடியும் வார்த்திருக்கிறார்கள். இரண்டையும் வாசகன் கண்முன் வைத்துமிருக்கிறார்கள்.

இதையும் எம் மாணவனின் ஒன்பது மாற்றங்களையும் ஒப்புநோக்குக. அங்கே திருத்தம் செய்தவனுடைய மனநிறைவின்மையிலிருந்து பிறந்தது. இரண்டாம் முயற்சிக்கும் பொருள் கொடுக்க ஒரு மக்கட்கூட்டம் இருந்தது. இங்கே திருத்தம் வாடிக்கையாளரின் நிச்சயமின்மையிலிருந்து பிறந்தது. அதன் செலவோ வரைந்தவன் தலையிலே விழுந்தது. முன்னது கையை வளர்க்கும். பின்னது கையைத் தேய்க்கும்.

தட்டுப்பாடு கலைக்கு எப்போதும் பகையென்று சொல்வதற்குமில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் தொடங்கியபோது, தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்யப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்தன. காகிதமோ அரிய பொருள். எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். பாற்கட்டிப் பெட்டிகளை மூடிவந்த ஈயத் தகட்டையும் அதற்கு உருக்கினர் என்பர். காகிதத் தட்டுப்பாடு தமிழ் எழுத்தைச் சிறியதாக்கிப் புத்தகத்தைக் கைக்கு அடக்கமாக்கியது. பொருள் குறைவு புத்தியைக் கூர்மையாக்கலாம். நாளைய உணவு நிச்சயமில்லாத நிலை அவ்வாறு செய்வதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, “வறுமையிலேதான் கலை பிறக்கும்” என்று பேசுவோர் பெரும்பாலும் வறுமை அறியாதவரே.

*

இவ்வுண்மையை ஆராய்ந்து எழுதியவர் இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. ஆங்கிலக் கவிஞரும் சோசலிசவாதியுமாகிய வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில், குமாரசுவாமியின் சொந்த மேற்பார்வையில் 425 பிரதிகள் கையால் அச்சிடப்பட்டன. கண்டி அரசில் கைவினைஞன் தன் சேவைக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தான் என்பதை அந்நூல் விளக்குகிறது. வயல் சோறு போட்டது; ஆகவே கை அவசரப்படவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வமைப்புச் சிதைந்தது, ஆலையிலே செய்த மலிவுப் பொருள் சந்தையை நிறைத்தது, கைவினைஞன் கூலியாளானான்.

குமாரசுவாமியை வாசிப்போர் ஓர் எச்சரிக்கையையும் மனங்கொள்ளல் வேண்டும். அந்த வயல் சாதியோடு கட்டப்பட்டிருந்தது. தந்தை செய்த தொழிலைத் தவிர வேறொன்றை மகன் நாட இயலாது. மீனவன் மகன் வரைகலைஞனாக வருவதற்கு அங்கே இடமில்லை. பழைய வயல் நமக்கு வேண்டியதில்லை. வயல் தந்த அச்சமின்மையே வேண்டும். அதை இன்றைய உலகில் எங்கே தேடுவது?

தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு சில விடைகளைத் தருகிறது. தீப்பெட்டித் தொழிலை அடியொற்றி வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழிலுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டனர். சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரை எழுதித் திரிந்த கொண்டையராஜு, 1940களில் கோவில்பட்டியிலே தங்கினார். அவரைச் சுற்றி மாணவர்கள் கூடினர். அவர்கள் வரைந்த நாட்காட்டிப் படங்கள் தமிழர் வாழும் இடமெங்கும் சென்றன. கீரியின் வீட்டுச் சுவர்களும் அத்தகைய படங்களை அறியும். வணிகத்துக்காக வரைந்த படங்களே. ஆயினும் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் அவற்றிலே பொறிக்கப்பட்டன. தனியறையில் ஒருவன் செய்யவேண்டிய வேலையைக் கூடியிருந்து பலர் செய்தனர். ஒருவர் சலித்த இடத்தில் மற்றவர் தொடங்கினார். 1976இல் கொண்டையராஜு மறைந்த பின்னும் அவர் மாணவர்கள் வரைந்துகொண்டிருந்தனர்.

தனிவழி சென்றோரும் உளர். ஆனந்த விகடனில் புகழ் பெற்ற கோபுலு 1960களில் அதனை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். 1972இல் சொந்த விளம்பர நிறுவனம் தொடங்கினார். வணிகத்தால் அவர் கோடு மழுங்கவில்லை. ஆனால் அவர் துணிந்து வெளியேறியபோது அவர் பெயரை நாடே அறிந்திருந்தது என்பதை நினைவிற் கொள்க. பெயரறியாத இருபத்தைந்து வயது இளைஞனுக்கு அந்த முதலீடு ஏது?

ஆதிமூலம் வேறு வழி கண்டார். நெசவாளர் சேவை மையத்தில் அரசுப் பணி வயிற்றுக்குப் போதுமாயிருந்தது. எஞ்சிய நேரத்தில் அவர் காந்தியைக் கறுப்புக் கோடுகளால் வரைந்தார். சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்தார். அச்செழுத்தின் ஒழுங்கிலிருந்து விலகித் தூரிகையின் வேகத்தோடு வந்த அவ்வெழுத்துக்கள் தமிழ்ப் புத்தக அட்டையின் முகத்தையே மாற்றின. சந்தைக்கு அஞ்சத் தேவையில்லாத கை மாத்திரமே அத்தகைய துணிவை மேற்கொள்ள முடியும்.

இவை எல்லாவற்றிலும் நம் கவனத்துக்கு உரியது சோழமண்டலம். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அக்கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பள்ளியை விட்டு வெளியேறிய ஓவியர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு எழுந்த முயற்சி அது. அவர்கள் கூடித் துணிகளில் பத்திக் ஓவியம் முதலிய கைவினைகளைச் செய்து விற்றனர். வந்த பணத்தில் நிலம் வாங்கினர். சந்தைக்குரிய வேலைக்கு ஒரு பொழுது, தமக்குரிய வேலைக்கு ஒரு பொழுது என்று வகுத்துக்கொண்டனர். வணிக வேலையை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. நாள் முழுவதையும் விழுங்க அதை விடவுமில்லை. கலைஞர்கள் மணல்மேட்டில் தம் கையாலேயே ஒரு வயலை உண்டாக்கிய கதை இது. அந்த வயலுக்குச் சாதி இல்லை.

*

நாம் எம் மாணவனுக்குச் சொன்னது இவ்வளவே. மனம் ஓடாமைக்கு அவன் மட்டும் காரணமல்லன். இரண்டாம் முயற்சிக்குக் கூலியில்லை. பக்கத்தில் இருந்து “இது நன்று, அது பழையது” என்று சொல்லத் தோழனில்லை. தனக்கென்று ஒரு பொழுதில்லை. செய்த வேலையிலே பெயருமில்லை. இந்நான்கும் இல்லாத இடத்தில் எவனுடைய ஊற்றும் வற்றவே செய்யும். இன்று கட்டளையிட்டவுடன் படம் வரைந்து தரும் கணினி வசதியும் வந்துவிட்டது. பழையதையே திருப்பி வரைபவனை அது முதலில் விழுங்கும். ஆகவே இது சுவைபற்றிய பிரச்சினையன்று, சோறுபற்றிய பிரச்சினை.

கீரிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்கள் அறிவர். ஒருவன் தனியாக அவ்வலையை இழுக்க முடியாது. கயிறு பிடித்த ஒவ்வொருவனுக்கும் பங்கு உண்டு. அப்பங்கு எப்போதும் நீதியானதென்று நாம் சொல்லவில்லை. சம்மாட்டியின் பங்கைப் பற்றிய முணுமுணுப்பும் பழையதே. ஆயினும் கயிறு பிடித்தவனுக்குப் பங்கில்லை என்று சொல்லும் துணிவு எந்தச் சம்மாட்டிக்கும் இல்லை. அந்த நியாயம் எழுத்தை வரைபவனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படவேண்டும்?

மன்னாரில் இத்தொழில் செய்வோர் நான்கைந்து பேராவது கூடட்டும். அரைப் பங்குக் கூலியை முன்னரே பெறாமல் வேலை தொடங்குவதில்லை. மூன்றாந் திருத்தத்துக்கு மேல் தனிக்கூலி. கிழமையில் ஒரு நாள் கூடியிருந்து தமக்கென்று வரைவது. வேலையின் ஓரத்தில் பெயர் இடுவது. இவை புரட்சியல்ல, ஆரம்பமே. எம் மாணவன் இதைக் கேட்டுச் சிரித்தான். “மற்றவை குறைஞ்ச விலைக்குச் செய்து குடுப்பினம் சேர்” என்றான். அவன் சொன்னது உண்மை. அதனாலேதான் கூடவேண்டும் என்கிறோம்.

நம் பங்கும் உண்டு. பாடசாலை மலருக்கும் கோவில் விழாவுக்கும் “சும்மா ஒரு அட்டை கீறித் தா, தம்பி” என்று கேட்பவர்கள் நாமே. நூல் வெளியிடும்போது அச்சகத்தின் பெயரை இட்டு, அட்டையை வரைந்தவன் பெயரை மறப்பவர்களும் நாமே. 1578ஆம் ஆண்டின் ஒரு சிறு நூல், எழுத்து எங்கே எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்பதை வாசகனுக்குச் சொல்லிற்று. நான்கரை நூற்றாண்டு கழிந்த பின் நாம் அதிலும் குறைவாகச் சொல்வது வெட்கக்கேடு. இக்கட்டுரையை வாசித்து முடிக்கும் அன்பர்கள், தம் கையருகே உள்ள ஏதேனும் ஒரு தமிழ் நூலை எடுத்து, அட்டையை வரைந்தவர் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். காணாவிடில், பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.