மனச்சோர்வுக் குளிசை நிறையைக் கூட்டுமா?

இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீதி தள்ளி இருக்கும் ஒரு அக்கா, தை மாதத்தில் தொடங்கிய குளிசையை ஆவணியில் யாரிடமும் கேட்காமல் நிறுத்தினார். கணவர் இறந்த பிறகு ஒன்றரை வருடமாக நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றிருந்தவர். குளிசை தொடங்கியபின் நித்திரை வந்தது. மெல்ல மெல்ல அடுப்படிக்கு வந்தார், கோயிலுக்கும் வந்தார். பிறகு ஒரு சாமத்திய வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டீர்" என்று கேட்டார்கள். அன்றிரவே மருந்துப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார். இரண்டொரு நாளில் தலைச்சுற்றும் ஓங்காளமும் பதற்றமும் தொடங்கின. ஒரு மாதத்துக்குள் பழைய இருட்டு திரும்பி வந்தது.

கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சுகம் விசாரிப்பதே உடம்பைப் பார்த்துத்தான். ஆனாலும் அக்காவின் கேள்வி நியாயமானது. இந்த மருந்துகள் நிறையைக் கூட்டுமா? சுருக்கமான பதில்: சில கூட்டும், சில பெரிதாகக் கூட்டாது, ஒன்றிரண்டு குறைக்கவும் கூடும். எது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால், நிறுத்துவதைத் தவிர வேறு வழிகளும் இருப்பது புரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்தை எடுப்பவர்கள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சிலர் அல்லர். இங்கிலாந்தில் 2023/24 ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 87 இலட்சம் பேருக்கு மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் எழுதிக் கொடுக்கப்பட்டன என்று தேசிய சுகாதார சேவையின் புள்ளிவிபரம் கூறுகிறது. நீங்கள் இல்ஃபோர்ட் லேனில் மரக்கறி வாங்க வரிசையில் நிற்கும்போது, முன்னுக்கோ பின்னுக்கோ ஒருவர் இதை எடுப்பவராக இருக்கக்கூடும். தான் எடுப்பது இந்த வகை மருந்து என்பதை அறியாமலேயே எடுப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ள அம்மாவுக்குப் பாதம் எரிகிறது, இரவில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. வைத்தியர் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதுகிறார். "நோவுக்குக் குளிசை" என்று அம்மா எடுக்கிறார். அமிட்ரிப்டிலின் 1960களில் மனச்சோர்வுக்கென்றே வந்த மருந்து. இன்று அதற்குக் கொடுப்பது குறைந்து, நரம்பு நோவுக்கும் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கும் குறைந்த அளவில் கொடுக்கப்படுகிறது. நரம்பு நோவுக்குக் கொடுக்கப்படும் டுலொக்செட்டினும் மனச்சோர்வு மருந்துதான். அமிட்ரிப்டிலின் பசியைத் தூண்டும், வாயை உலர வைக்கும். வாய் உலர்ந்தால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? இன்னுமொரு தேத்தண்ணி, சீனி இரண்டு கரண்டி. அல்லது குளிர்பெட்டியில் இருக்கும் சோடா. ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ள ஒருவருக்கு இது இரட்டைச் சிக்கல். வெறும் தண்ணீர், சீனி இல்லாத சூயிங்கம் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை குறைந்திருக்கும்.

பசி ஏன் கூடுகிறது? மூளையில் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் விழிப்பையும் பசிக் கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்கிறது. அமிட்ரிப்டிலினும் மிர்ட்டசப்பினும் அதன் வாசலை அடைக்கின்றன. தும்மலுக்கு எடுக்கும் பழைய ஒவ்வாமைக் குளிசை நித்திரையைக் கொண்டுவருவதும் இதே வழியால்தான். மிர்ட்டசப்பின் இதோடு நிற்காமல், "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று சொல்லும் ஒரு செரட்டோனின் வாசலையும் மூடுகிறது. ஆகவே அதை எடுப்பவருக்கு இரவு பத்து மணிக்குப் பாணும் பட்டரும் தேடுகிற பசி வருவது ஒழுக்கக் குறைவு அல்ல, மருந்தின் வேலை.

செர்ட்ராலின், சிட்டலோபிராம், ஃபுளுவொக்செட்டின் போன்றவை வேறு குடும்பம். இவை தொடக்கக் கிழமைகளில் ஓங்காளத்தையும் பசியின்மையையும் கொடுத்து நிறையைக் கொஞ்சம் குறைக்கவும் கூடும். மாதங்கள் செல்லச் செல்லச் சிலருக்கு மெதுவாக ஏறும். நோய் தணிந்து சாப்பாட்டில் ருசி திரும்புவதும் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு. மனச்சோர்வில் 6 கிலோ மெலிந்த ஒருவர் அந்த 6 கிலோவைத் திரும்பப் பெறுவதை மருந்தின் தீமை என்று சொல்ல முடியாது. அதேபோல், மனச்சோர்வில் சிலர் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு நாள் முழுக்கப் படுத்திருப்பதும் உண்டு. அவர்களுக்கு நிறை கூடியது குளிசைக்கு முன்னரே.

இந்த மருந்துகளின் கதையே ஒரு நிறை கூடிய கதையில்தான் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1952இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ காசநோய் வைத்தியசாலையில் இப்ரோனியசிட் என்ற மருந்தைப் பரிசோதித்தார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்த நோயாளிகள் பசியெடுத்துச் சாப்பிட்டார்கள், நிறை ஏறினார்கள், வார்டிலேயே ஆடிப் பாடினார்கள். காசநோய்க்கு வந்த மருந்து மனச்சோர்வுக்குப் போனது இப்படித்தான். அன்று நிறை ஏறியதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். இன்றும் மெலிந்து, நித்திரையில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருக்கும் முதியவருக்கு வைத்தியர் மிர்ட்டசப்பினைத் தெரிந்தே தெரிவு செய்வதுண்டு. பக்கவிளைவே அங்கே மருந்தாகிறது.

சரி, எத்தனை கிலோ? இதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கொலிஜ் ஆய்வாளர்கள் பிரித்தானியக் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளில் இருந்து ஏறக்குறைய 2 இலட்சத்து 95 ஆயிரம் பேரின் தரவை ஆராய்ந்து 2018இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நிறை 5 வீதமோ அதற்கு மேலோ கூடியவர்கள், மருந்து எடுப்போரில் வருடத்துக்கு 100 பேருக்கு 11.2, எடுக்காதோரில் 8.1. அதாவது எடுக்காதவர்களுக்கும் கூடியிருக்கிறது. எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கூடியிருக்கிறது. மிர்ட்டசப்பின் எடுத்தோரில் வேறுபாடு கூடுதலாக இருந்தது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விடயம் வேறொன்று: நிறை கூடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் வருடங்களில். "ஆறு மாதமாகிறது, ஒன்றும் ஏறவில்லை" என்று தராசை மூலையில் வைத்துவிடுவது சரியல்ல.

2024இல் அமெரிக்காவில் ஒரு இலட்சத்து 83 ஆயிரம் பேரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு எட்டு மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில் செர்ட்ராலினோடு பார்க்கையில் எஸ்சிட்டலோபிராம் 0.41 கிலோவும் பரொக்செட்டின் 0.37 கிலோவும் டுலொக்செட்டின் 0.34 கிலோவும் கூடுதலாக ஏற்றின. ஃபுளுவொக்செட்டினில் பெரிய வேறுபாடு இல்லை. புப்ரோப்பியன் 0.22 கிலோ குறைவு. சராசரியில் அரைக் கிலோவுக்கும் குறைவான வித்தியாசங்கள் இவை. ஆனால் சராசரி என்பது ஒருவருக்கு ஒன்றும் ஏறாமலும் இன்னொருவருக்கு 7 கிலோ ஏறியும் வருகிற கணக்கு. அந்த 7 கிலோ ஏறியவருக்குச் சராசரி ஆறுதல் தராது.

2025இல் லான்செட் இதழில் வந்த கிங்ஸ் கொலிஜ் தொகுப்பு, 151 ஆய்வுகளையும் 30 மருந்துகளையும் எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் எட்டுக் கிழமை அளவிலான சிகிச்சையிலேயே, நிறையைக் குறைத்த அகோமெலட்டினுக்கும் கூட்டிய மப்ரோட்டிலினுக்கும் இடையில் ஏறக்குறைய 4 கிலோ வேறுபாடு தெரிந்தது. அகோமெலட்டின் எடுப்பவர்களுக்கு ஈரலைச் சோதிக்கும் இரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவைப்படும் என்பதால், அது இங்கே முதல் தெரிவாக எழுதப்படுவதில்லை.

கனடாவில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் "நான் வெல்புட்ரின் எடுக்கிறன், ஒரு கிலோவும் ஏறேல்லை, நீயும் அதைக் கேள்" என்று சொல்லியிருப்பார். வெல்புட்ரின் என்பது புப்ரோப்பியன்தான். வட அமெரிக்காவில் அது மனச்சோர்வுக்கு உரிய மருந்து. பிரித்தானியாவில் அதற்கான அனுமதி புகைத்தலை நிறுத்துவதற்கு மட்டுமே. எனவே குடும்ப வைத்தியர் தயங்கினால் அது பாகுபாடு அல்ல. வலிப்பு வந்தவர்களுக்கு அது கூடவே கூடாது. உறவினர் சூட்கேசில் கொண்டுவந்து தருவதை வாங்கி விழுங்குவது ஆபத்தான காரியம்.

எங்கள் உடம்புக்கு ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. தெற்காசியருக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருவதும், குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருவதும் அதிகம். அதனால் இங்குள்ள நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டல் எமக்கு எல்லையைத் தாழ்த்தியிருக்கிறது: பி.எம்.ஐ 23 தாண்டினால் அதிக நிறை, 27.5 தாண்டினால் உடற்பருமன். மற்றவர்களுக்கு இவை 25, 30. 5 அடி 3 அங்குல உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 59 கிலோவிலேயே முதல் எல்லை வந்துவிடும். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அது 64. இணையத்தில் கணக்குப் போடும்போது இனத்தைக் குறிப்பிடாவிட்டால் "நல்ல நிறை" என்று பச்சை காட்டிவிடும். இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னும் சுலபமான அளவு. தையல் நாடா போதும்.

ஆகவே குளிசை தொடங்கும் நாளிலேயே நிறையையும் இடுப்பையும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை. 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ ஏறினால் அது 5 வீதம். அந்த இடத்தில் வைத்தியரிடம் பேச வேண்டும், 10 கிலோ ஏறும்வரை பொறுக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் நீரிழிவு இருந்தால் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையும் கேளுங்கள். 42 முதல் 47 வரை எச்சரிக்கை, 48 என்றால் நீரிழிவு.

வைத்தியரிடம் பேசுவதில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், எம்மவர் மனத்துயரை உடல் நோவாகச் சொல்வதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். "நெஞ்சு இடிக்குது, நாரி நோகுது, தலை விறைக்குது" என்று சொல்வோம். மனம் சரியில்லை என்று சொல்ல மாட்டோம். இங்கே அதோடு இன்னொன்றும் சேர்கிறது. அம்மாவுக்காக மகள் மொழிபெயர்க்கிறாள். மகள் முன்னால் அம்மா அழுகையைப் பற்றிச் சொல்லமாட்டார், இரவில் எழுந்து சாப்பிடுவதைப் பற்றியும் சொல்லமாட்டார். என்.எச்.எஸ் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கட்டணம் இல்லை. சந்திப்பைப் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

அங்கு கேட்க வேண்டியது இவைதான்: இந்த மருந்து எனக்கு இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா, நிறை கூட்டாத வேறொன்றுக்கு மாறலாமா. மாறுவதும் ஒரே நாளில் நடக்காது. ஒன்றைக் குறைத்தபடி மற்றதைத் தொடங்குவதற்கு முறை இருக்கிறது. நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாகத்தான், கடைசிப் படிகள் மிகச் சிறியதாக. பரொக்செட்டினையும் வென்லஃபாக்சினையும் திடீரென விட்டவர்களுக்குத் தலைக்குள் மின்சாரம் அடிப்பதுபோன்ற அதிர்வுகூட வரும். இடையில் ஆரோக்கிய உணவுக் கடையில் "இயற்கை மருந்து" என்று சென் ஜோன்ஸ் வோர்ட் வாங்கிச் சேர்த்து எடுக்காதீர்கள். செர்ட்ராலின் போன்றவற்றோடு அது சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறி ஆபத்தாகும்.

மனச்சோர்வு கடுமையாக இல்லாவிட்டால் மருந்தை முதல் வழியாக எல்லோருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்று 2022 ஆம் ஆண்டின் நைஸ் வழிகாட்டலே சொல்கிறது. பேச்சுச் சிகிச்சைக்கு ரெட்பிரிட்ஜ் டோக்கிங் தெரப்பீஸ் சேவையில் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களாகவே பதிந்துகொள்ளலாம். இது குட்மேஸ் வைத்தியசாலையில் அனுமதிக்கும் விடயம் அல்ல. அதைச் சொல்லக் காரணம், 1901இல் மனநோய் விடுதியாகத் திறக்கப்பட்ட அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே எங்கள் பெரியவர்கள் பின்வாங்குவதுதான். "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரே வசைச் சொல்லாகிப்போன நாட்டில் இருந்து வந்தவர்கள் நாங்கள்.

மருந்தை விட்டபின் உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: 111 அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்தினால் மனநல நெருக்கடிச் சேவை கிடைக்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

அந்த அக்கா பிறகு வைத்தியரிடம் திரும்பப் போனார், இம்முறை மகளைக் கூட்டிக்கொண்டு போகாமல். மிர்ட்டசப்பினுக்குப் பதிலாகச் செர்ட்ராலின் கொடுத்தார்கள். முதல் இரண்டு கிழமையும் ஓங்காளம் படுத்தியது என்று சொன்னார். பின்னேரங்களில் வலன்டைன்ஸ் பூங்காவைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார். ஏறிய 7 கிலோவில் 3 இறங்கியிருக்கிறது. மிச்சம் அப்படியே இருக்கிறது.