பம்பாய் பிளேக்கும் ஓர் அழகான வளைவும்

கணித மாடலிங்கை முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்குத் தொற்றுநோய்க் கணக்கு எப்படியும் வந்துவிடும். மூன்று பெட்டிகள்: இனிமேல் நோய் வரக்கூடியவர்கள், இப்போது நோயில் இருப்பவர்கள், குணமானதாலோ இறந்ததாலோ கணக்கிலிருந்து விலகியவர்கள். பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு அம்புக்குறிகள். எஸ்.ஐ.ஆர் மாடல் என்று 2020-ல் வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்ட அதே சமாச்சாரம்தான்.

இந்தப் பாடத்தோடு பல புத்தகங்களில் ஒரு படமும் வரும். 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை பம்பாய்த் தீவில் வாராவாரம் பிளேக்கில் செத்தவர்களின் எண்ணிக்கை புள்ளிகளாக இருக்கும். அவற்றின் மேல் மணி வடிவத்தில் ஒரு வளைவு. அச்சு அசலாகப் பொருந்தும். மாடல் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியாக அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் படத்தைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

படம் வந்தது 1927-ல், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில். எழுதியவர்கள் இரண்டு பேர். ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக், இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் இருந்த டாக்டர். 1901-ல் ரொனால்ட் ராஸோடு சியரா லியோனுக்கு மலேரியா வேலைக்குப் போனவர். கசௌலி பாஸ்டர் நிலையத்தை நடத்தியவர். 1920-ல் எடின்பரோ திரும்பி அங்கே மருத்துவர் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். இன்னொருவர் வில்லியம் கெர்மாக், அதே ஆய்வகத்தின் வேதியியலாளர். 1924-ல் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது வயது 26. அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டுரை. அவ்வளவு சமன்பாடுகளையும் மனசுக்குள்ளேயே வைத்துப் புரட்டியிருக்கிறார்.

மாடலின் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு நேரடியான, எளிய தீர்வு கிடையாது. அதனால் ஒரு சலுகை எடுத்துக்கொண்டார்கள். கொள்ளைநோய் சிறியது, அதாவது மொத்த மக்கள்தொகையில் கொஞ்சப் பேரையே தொடுகிறது என்று வைத்துக்கொண்டு, அடுக்குக்குறிச் சார்பை விரித்து, வர்க்க உறுப்போடு நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது இன்ஜினியரிங் முதல் வருஷ எம்-1 அளவிலான தொகையீடு. ஹைபர்பாலிக் சார்புகளெல்லாம் எதுக்குன்னு அந்த வகுப்பில் கேட்டவர்களுக்கு, இதோ பதில்:

வாரச் சாவு = 890 × (0.2 × வாரம் − 3.4) என்பதன் ஹைபர்பாலிக் சீகண்டின் வர்க்கம்.

இதைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போம். அடைப்புக்குள் இருப்பது பூச்சியமாகும்போது உச்சம். 3.4-ஐ 0.2-ஆல் வகுத்தால் 17-வது வாரம். 1906 ஏப்ரல் நடுவில் வருகிறது. உச்சத்தில் வாரம் 890 சாவு. வளைவின் கீழுள்ள பரப்பு 890-ஐ 0.2-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 8,900 சாவு. வளர்ச்சி வேகம் 0.2-இன் இரு மடங்கு, வாரத்துக்கு 0.4. ஆக, வளைவு நமக்குச் சொல்வது மூன்றே எண்கள்: எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், உச்சம் எப்போது.

சரி, மாடலுக்கு எத்தனை எண்கள் வேண்டும்? எத்தனை பேருக்கு நோய் வரலாம், நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, ஒரு நோயாளி எத்தனை நாள் நோயைப் பரப்புவார், ஆரம்பத்தில் எத்தனை பேருக்கு நோய் இருந்தது. நான்கு. மூன்றை வைத்து நான்கைக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். அங்கேதான் வேடிக்கை.

ஒரு நோயாளி சராசரியாக ஒரு வாரம் நோயைப் பரப்புவார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவர் சராசரியாக 1.4 பேருக்குத் தொற்றவைப்பார். 8,900 சாவுக்குக் கணக்கு சரியாக வர, நோய் வரக்கூடியவர்கள் மொத்தமே 22,000 பேர்தான் இருக்க வேண்டும். அன்றைய பம்பாயின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்குப் பக்கம். அந்த 22,000 பேர் யார், மற்றவர்களை நோய் ஏன் தொடவில்லை? மாடலிடம் பதில் இல்லை.

திருப்பிப் போடலாம். ஊர் முழுக்க, பத்து லட்சம் பேருக்கும் நோய் வரலாம் என்று வைத்துப் பாருங்கள். அப்போது ஒருவர் தொற்றவைப்பது சராசரியாக 1.0045 பேருக்கு. வளர்ச்சி வேகம் 0.4 வர வேண்டுமானால், ஒரு பிளேக் நோயாளி நோயைப் பரப்பும் காலம் சுமார் இரண்டு மணி நேரம்! காலையில் டீ குடித்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கை விட்டே போயிருக்க வேண்டும். வளைவு மட்டும் இரண்டு கணக்கிலும் ஒன்றேதான். புள்ளிகள் மேல் அதே அழகோடு உட்காரும்.

எஸ்.ஐ.ஆர் மாடலில் நோய் ஏன் இறங்குகிறது? தொற்ற ஆள் குறைந்துபோவதால். பம்பாயிலோ அந்தப் பருவத்தில் நூறில் ஒருவர்கூடச் சாகவில்லை. மனிதர்களில் பிளேக் வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துவிடுவார்கள் என்பதால், நோய் வந்தவர்களின் எண்ணிக்கையும் இதைவிட ரொம்ப அதிகமாக இருக்க முடியாது. ஊரில் ஆள் தீரவே இல்லை. ஆனாலும் நோய் இறங்கியது.

கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் இதைத் தெரியாமல் செய்தவர்கள் இல்லை. மனிதரின் பிளேக் எலிகளின் பிளேக்கினுடைய பிரதிபலிப்புதான் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மாடலின் எண்கள் பருவத்துக்கு ஏற்ப மாறாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அப்படி இருப்பதில்லை என்றும் எச்சரித்திருக்கிறார்கள். படத்தை எடுத்துப் போட்ட பாடப்புத்தகங்களில் பலவும் இந்த வரிகளை விட்டுவிட்டன. என் கோபம் அங்கேதான்.

ஏனென்றால், அம்புக்குறியை எங்கிருந்து எங்கே போடுகிறோம் என்பது பம்பாய் மாகாணத்தில் வெறும் கணக்கு விஷயமாக இருக்கவில்லை. 1896-ல் பிளேக் வந்தது. மறு வருஷமே கொள்ளைநோய்ச் சட்டம். மனிதரிடமிருந்து மனிதருக்கு என்ற எண்ணத்தில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். சந்தேகப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கும் முகாம்களுக்கும் கொண்டுபோனார்கள். ரயிலில் பயணிகளை இறக்கிப் பரிசோதித்தார்கள். புனேயில் இந்த நடவடிக்கைகளை நடத்திய அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். அடுத்த வருஷம் கராச்சியில் பால்-லூயி சிமோன் எலித்தெள்ளைச் சுட்டிக்காட்டினார். உடனே யாரும் நம்பவில்லை. 1905-க்குப் பிறகு பம்பாயில் வேலைசெய்த பிளேக் ஆய்வுக் குழுதான், பிளேக் வந்த வீடுகளில் கினிப் பன்றிகளை விட்டு அவற்றின் மேல் ஏறும் தெள்ளுகளை எண்ணி, விஷயத்தை நிலைநாட்டியது. மூன்று பெட்டிப் படத்தில் எலிக்கும் தெள்ளுக்கும் பெட்டியே கிடையாது.

2012-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிக்கோலா பகேர் இந்தப் பழைய புள்ளிகளை மறுபடி எடுத்தார். 1905-06 என்ற ஒரு துண்டை மட்டும் பார்க்காமல், முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், பிளேக் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய அதே மாதங்களில் ஏறி, அதே மாதங்களில் இறங்குகிறது. எலி, தெள்ளு, மனிதர் மூன்றையும் பருவ மாற்றத்தோடு சேர்த்து அவர் மாடல் செய்தார். தொற்ற ஆள் தீர்ந்து நோய் இறங்கியிருந்தால் அடுத்த வருஷமும் அதே மாதத்தில் திரும்பி வந்திருக்காதே.

பைதான் தெரிந்தவர்கள் இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம், இருபது வரிகூட ஆகாது. வாரத்துக்கு 0.4, மொத்தம் 8,900 என்ற இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு மக்கள்தொகையை மட்டும் 20,000-லிருந்து பத்து லட்சம் வரை ஏற்றிக்கொண்டே போங்கள். நோயைப் பரப்பும் காலத்தை நாள் கணக்கில் அச்சிடச் சொல்லுங்கள். 50,000 தாண்டுவதற்குள்ளேயே அது இரண்டு நாளுக்குக் கீழே இறங்கிவிடும்.